வார்த்தைக்கு வார்த்தை

பிப்ரவரி 3

தம்பிக்கு,

போன வாரம் நான் பேசிக்கிட்டிருக்கும்போதே போனை வெச்சுட்டே. இந்த ரெண்டு வருஷத்துல இது நாலாவது தடவை. சரி, இனிமே நமக்குள்ள போன் வேண்டாம். வாராவாரம் உன் பக்கத்துக்கும் என் பக்கத்துக்கும் சாம்பிள் பெட்டி போய் வருதே, அதுக்குள்ள கடுதாசி வெக்கிறேன். நீயும் அப்படியே எழுது. எழுதும்போதாவது ரெண்டு பேரும் ஒருத்தர் முடிச்சப்புறம் ஒருத்தர் பேசுவோம்.

விஷயத்துக்கு வர்றேன். ஒரு நாளைக்கு ரெண்டாயிரத்து நானூறு ரப்பர் வளையம் தர்றோம்னு வாஷிங் மெஷின் கம்பெனிக்காரன்கிட்ட எழுதிக் கொடுத்தது நீ. அவன் நாட்டுலயே கிளை போட்டா அவனுக்குப் பக்கத்துல இருக்கலாம், கப்பல் செலவு மிச்சம்னு அடம்பிடிச்சதும் நீ. அப்பா போன ஒரு வருஷத்துக்குள்ள அவ்வளவு பெரிய காரியம் வேண்டாம்னு நான் சொன்னேன், ஞாபகம் இருக்கா? இப்போ என்ன வருது? ரெண்டாயிரம். ஒரு நாள் ரெண்டாயிரத்துப் பத்து வந்துச்சுன்னு எனக்கு மெசேஜ் வேற அனுப்புறே, என்னமோ பிள்ளை பொறந்த மாதிரி.

இங்க அதே பிரஸ், அதே அச்சு. நம்ம ஆளுங்க அந்த நானூறையும் சேர்த்துத்தான் எடுக்குறாங்க. நான் ஹாலுக்குள்ள போய் ஒரு கத்து கத்துவேன். அவங்களும் பதிலுக்குக் கத்துவாங்க. "எங்களுக்கு என்ன பத்துக் கையா இருக்கு?"ம்பாங்க. அப்புறம் வேலை நடக்கும். அங்க கத்துறதுக்கு ஆளே இல்ல. நீ கத்த மாட்டே. நான் வீடியோவுல வந்து கத்தினா, அந்த மொழிபெயர்க்கிற பொண்ணு அதை என்னமோ தாலாட்டு மாதிரி மாத்திச் சொல்றா. நான் அஞ்சு நிமிஷம் திட்டினதை அவ அஞ்சு விநாடியில முடிச்சா. எல்லாரும் சிரிச்சு எனக்கு வணக்கம் வெச்சாங்க. என் திட்டுல பால்காரன் மாதிரி தண்ணி கலக்குறா அவ.

என்ன பண்ணப் போறேன்னு எழுது.

அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

போனை வைத்தது தப்புதான். உன்னோடு பேசும்போது எனக்கு எப்போதும் பத்தாவது வகுப்பு ரிசல்ட் வந்த நாள் மாதிரியே இருக்கிறது. அதனால் வைத்துவிடுகிறேன்.

நீ இங்கே ஒரே ஒரு தடவைதான் வந்தாய், அதுவும் திறப்பு அன்று. அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நீளமான ஹால், எட்டு பிரஸ். ஒவ்வொன்றிலும் ஒரு பெண். ரப்பர் துண்டை அச்சில் வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் இருக்கிற பட்டனை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். சூட்டுத் தட்டு இறங்கி மூடும் வரை, இருபது விநாடி, கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் தட்டு நின்றுவிடும். இது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, நம் ஊரில் அந்த இருபது விநாடியும் வம்பு பேசுவார்கள், இங்கே பேச்சே இல்லை. முதல் மாதம் எனக்குக் காது அடைத்துப்போன மாதிரி இருந்தது.

ஷிப்ட் தலைவிக்கு நாற்பது வயதிருக்கும். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அதை ஊதினால் எட்டு பிரஸ்ஸும் நிற்கும். அதனால் நான் அவளை விசில் என்றுதான் கூப்பிடுவேன். இப்போது எல்லோருமே, அவளுங்கூட, அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். போன டிசம்பரில் அவளிடம், "இருபதாம் தேதிக்குள் முடியுமா?" என்று கேட்டேன். "ஆகட்டும்" என்றாள். இருபதாம் தேதி பாதிகூட ஆகவில்லை. கோபமாகப் போய்க் கேட்டால் அழாத குறை. மொழிபெயர்க்கிற பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "சார், நீங்க கேட்டது காதுல விழுந்துச்சுன்னுதான் அவங்க சொன்னாங்க. முடியும்னு சொல்லல. பெரியவங்க கேக்கும்போது முடியாதுன்னு இங்க யாரும் சொல்ல மாட்டாங்க. முடியுமான்னு கேக்காம, என்னென்ன தடங்கல் வரும்னு கேளுங்க."

அன்றிலிருந்து அப்படித்தான் கேட்கிறேன். அதில்தான் ஆயிரத்து எழுநூறு ரெண்டாயிரம் ஆனது. அந்தப் பெண் தண்ணீர் கலப்பது உண்மைதான். கலக்கட்டும், அக்கா. இவர்களுக்கு நம் வீட்டுத் திட்டு பழக்கமில்லை. "மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று நீ சொன்னதை அவள், "இன்னும் கொஞ்சம் முயற்சி செய்யச் சொல்கிறார்" என்று சொன்னாளாம். எனக்கே யாராவது அப்படி மொழிபெயர்த்திருக்கலாம் என்று தோன்றியது.

ஏப்ரல் கடைசி வரை பொறு. ரெண்டாயிரத்து நானூறு வரும்.

தம்பி


பிப்ரவரி 22

தம்பிக்கு,

ஏப்ரல் கடைசியாம். வாஷிங் மெஷின்காரன் நேத்து எனக்கே எழுதிட்டான். மார்ச் 26 வெள்ளிக்கிழமை பெட்டி முழுசா வரணும், இல்லேன்னா வேற இடம் பார்த்துக்கிறேன்னு. அவன் போனா உன் கிளை மட்டும் போகாது. அதை நம்பி நான் இங்க போட்ட ரெண்டு பிரஸ்ஸும், அதுல நிக்கிறவங்களும் போவாங்க. இங்க நூத்திநாப்பது பேர் இருக்காங்க, தம்பி. அவங்க என் முகத்தைப் பார்த்துக்கிட்டிருக்காங்க. உனக்கு அது தெரியல. அங்க நீ "சார்".

தடங்கல் என்னன்னு விசாரிச்சது போதும். கீழ எழுதியிருக்கிறதை அந்தப் பொண்ணுகிட்டக் கொடு. வார்த்தைக்கு வார்த்தை அப்படியே சொல்லச் சொல்லு. ஒரு சொட்டுத் தண்ணி கலக்கக் கூடாது. கலந்தா அடுத்த மாசம் அவளுக்கு வேலை இல்லன்னு நான் சொன்னதாச் சொல்லு.

"ரெண்டு கையையும் பட்டன் மேல வெச்சுக்கிட்டு தட்டு இறங்குறதை வேடிக்கை பார்க்கவா உங்களுக்குச் சம்பளம்? ஒரு பட்டனை எதையாவது ஒட்டி அமுக்கி வெச்சா ஒரு கை மிச்சம். அந்தக் கை அடுத்த துண்டை எடுக்கட்டும். தட்டு இறங்குற இருபது விநாடியும் நமக்கு லாபம். இதுகூடத் தோணலேன்னா நீங்கள்லாம் வீட்டுலயே இருங்க."

படிக்க வை. அவங்களுக்கு ரோஷம் வரட்டும். ரோஷம் வந்தா வேலை தானா நடக்கும்.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று ரெண்டாயிரத்து நானூற்று இருபது. முந்தாநாள் ரெண்டாயிரத்து நானூற்று ஐந்து. நீ கேட்டது வந்துவிட்டது.

நீ எழுதியதை வாசிக்கச் சொன்னேன். மொழிபெயர்க்கிற பெண் தாளைப் படித்துவிட்டு, "அப்படியேவா சார்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மறுபடியும் கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டபோது எனக்கு எரிச்சல் வந்து, அவள் வேலையைப் பற்றி நீ சொன்னதையும் சொல்லிவிட்டேன். அவள் உட்கார்ந்து ஒரு தாளில் முழுக்க எழுதி, தேதி போட்டு, பிறகு போய் வாசித்தாள். யாரும் சிரிக்கவில்லை. யாருக்கும் ரோஷம் வந்த மாதிரியும் தெரியவில்லை. விசில் மட்டும் ஏதோ குறித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஹாலுக்குள் போனால், எட்டு பிரஸ்ஸிலும் இடது பக்கப் பட்டன் மேல் நீல டேப் ஒட்டியிருந்தது. அளவெடுத்து வெட்டின மாதிரி, எட்டும் ஒரே நீளம். ஒரு கையால் வலது பட்டனை அமுக்குகிறார்கள், இன்னொரு கையால் அடுத்த துண்டை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். நீ சொன்னபடியே.

நான் மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எண்ணிக்கை வருகிறது, அதனால் வாயைத் திறக்கவில்லை. அந்த இரண்டு பட்டன் எதற்காக இருக்கிறது என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நீ நிஜமாகவே இதைத்தான் சொன்னாயா? பதில் எழுது.

தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

ரெண்டாயிரத்து நானூத்தி இருபதா! படிச்சுட்டு ஃபோர்மேன் அண்ணன்கிட்டக் காட்டினேன். "பரவாயில்லயே, சின்னவரு தேறிட்டாரு"ன்னாரு. எனக்கும் சந்தோஷந்தான், சொல்லிக்க மாட்டேன் அவ்வளவுதான்.

ஆனா டேப்பு ஒட்டியிருக்காங்கன்னு எழுதியிருக்கே, அதென்னடா கூத்து? நான் கோபத்துல சொன்னது. இங்கயும் போன மாசம் அதையேதான் கத்தினேன். உடனே ஃபோர்மேன் அண்ணன், "முதல்ல நீங்க நின்னு காட்டுங்கம்மா. உங்க கை போச்சுன்னா சம்பளத் தாள்ல கையெழுத்து யார் போடுறது?"ன்னாரு. ஹாலே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சுட்டு வெளிய வந்துட்டேன். கத்துறதுன்னா அதுதான். அப்படியே செய்யச் சொல்லி யாராவது கத்துவாங்களா?

கழட்டச் சொல்லிடு. 26ஆம் தேதி பெட்டி லாரி ஏறின உடனே கழட்டிடு. இப்போ கழட்டினா எண்ணிக்கை விழும், அவன் கத்தியைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான். ஒரு வாரந்தானே. ஜாக்கிரதையா நிக்கச் சொல்லு.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. போன வீடியோவுல எலும்பும் தோலுமா இருந்தே.

அக்கா


மார்ச் 28

அக்காவுக்கு,

போனில் நீ கேட்டபோதெல்லாம் என்னால் சொல்ல முடியவில்லை. எழுதுகிறேன்.

உன் கடிதம் 22ஆம் தேதி, திங்கட்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமைக்கு நாலே நாள்தானே என்று நானும் நினைத்தேன். நீ மட்டும் இல்லை, நானும் நினைத்தேன். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

புதன்கிழமை காலை பத்தரை மணி. ஐந்தாம் பிரஸ்ஸில் நிற்கிற பெண் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். அந்தக் கொஞ்ச நேரமும் எண்ணிக்கை விழக்கூடாது என்று விசில் போய் அங்கே நின்றாள். அது அவள் வேலையே இல்லை. நான் கண்ணாடி அறைக்குள் லாரி கம்பெனிக்குப் போட வேண்டிய தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தல் எதுவும் கேட்கவில்லை. விசில் சத்தம்தான் கேட்டது, வழக்கம்போல நீளமாக ஒரே ஊது. எட்டு பிரஸ்ஸும் நின்றன. அக்கா, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது எரிச்சல். இன்றைக்குப் போய் எதற்கு நிறுத்துகிறார்கள் என்று.

வெளியே வந்தால், அவள் பிரஸ் முன்னால் நிமிர்ந்து நிற்கிறாள். வாயில் விசில் அப்படியே இருக்கிறது. இடது கை தட்டுக்குள். தட்டை மேலே தூக்க வேண்டிய ஸ்விட்ச் எது என்று எனக்குத் தெரியவில்லை. ரெண்டு வருஷம் இங்கே முதலாளியாக இருந்திருக்கிறேன், அது தெரியவில்லை. நான்காம் பிரஸ்காரி ஓடிவந்து தூக்கினாள்.

நாலு விரல். கட்டை விரலை மட்டும் காப்பாற்றியிருக்கிறார்கள்.

துண்டு நழுவியதாம், சரி பண்ணக் கை போயிருக்கிறது. அவ்வளவுதான் அவள் சொன்னாள். அதையும் நான் கேட்டதால் சொன்னாள்.

மறுநாள் வக்கீல் சொன்னதாக நீ போனில் சொன்ன அந்தத் தாளை அடித்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். "டேப்பை நானாகத்தான் ஒட்டினேன், யாரும் சொல்லவில்லை" என்ற தாள். மொழிபெயர்க்கிற பெண் உள்ளே வர மாட்டேன் என்று வராந்தாவிலேயே நின்றுவிட்டாள். நான் தனியாகப் போனேன். விசில் என்னைப் பார்த்ததும் கட்டிலில் எழுந்து உட்காரப் பார்த்தாள். தாளைக் கொடுத்தேன். படிக்கவில்லை. எந்த இடத்தில் என்று விரலால் கேட்டாள். காட்டினேன். பேனாவை வாங்கிக்கொண்டு வெகுநேரம் சிரமப்பட்டாள். கோணல்மாணலாக ஏதோ வந்தது. அதைப் பார்த்துவிட்டு, "சரியா வரல, மன்னிக்கணும்" என்றாள். அந்த அளவுக்கு அவர்கள் மொழி எனக்குப் புரியும்.

அவள் இடது கைக்காரி, அக்கா. எனக்கு அதுவரை தெரியாது.

டேப்பை எல்லாம் நானே பிய்த்துப் போட்டேன். பெட்டி வெள்ளிக்கிழமை போய்விட்டது. முழுசாக.

தம்பி


ஏப்ரல் 5

தம்பிக்கு,

உன் கடுதாசியை ஆபீஸ்ல வெச்சுப் படிக்க முடியல. வீட்டுக்கு எடுத்துட்டு வந்து, கதவைச் சாத்திக்கிட்டுப் படிச்சேன்.

ஆனா யாராவது ஒருத்தர் தெளிவா இருக்கணும். அதனால சொல்றேன், கோபப்படாம கேளு. தொழிலாளர் அலுவலகத்துல மே 10ஆம் தேதி விசாரணைன்னு வக்கீல் சொல்றாரு. அந்தம்மா கையெழுத்துப் போட்ட தாள் இருக்கு. அது போதுமாம். ஆனா நான் எழுதின ரெண்டு கடுதாசி, பிப்ரவரில ஒண்ணு, மார்ச்ல ஒண்ணு, உன்கிட்ட இருக்கு. அது வெளிய வந்தா, கிளையை மூடுறதோட நிக்காது. இங்கயும் வருவாங்க. வாஷிங் மெஷின்காரன் மட்டுமில்ல, மத்தவங்களும் போயிடுவாங்க. நூத்திநாப்பது குடும்பம். ஃபோர்மேன் அண்ணனுக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு.

ரெண்டையும் எரிச்சுடு.

அந்தம்மாவை நம்ம கைவிட மாட்டோம். உட்கார்ந்து செய்யுற வேலை ஏதாவது போட்டுக் கொடுப்போம். அவங்க பொண்ணு படிப்புக்குப் பார்ப்போம். ஆனா அதுக்கு முதல்ல கம்பெனி உயிரோட இருக்கணும் இல்லையா?

ஒண்ணு மட்டும் உன்கிட்ட ஒத்துக்கிறேன், வேற யார்கிட்டயும் சொல்லல. அந்த மார்ச் கடுதாசியை எழுதி முடிச்சப்போ, இதை எழுதி அனுப்புறதுக்குப் பதிலா ஒரு போன் போட்டுச் சொல்லிடலாமேன்னு தோணிச்சு. போனைக் கையில எடுத்தேன். நீதான் முதல்ல பேசணும்னு திரும்ப வெச்சுட்டேன். ரோஷம்.

அக்கா


ஏப்ரல் 17

அக்காவுக்கு,

எரிக்கவில்லை.

வீரம் எல்லாம் இல்லை. நெருப்புப் பெட்டியை வாங்கி வைத்து ஒரு வாரம் ஆகிறது. தினமும் சாயங்காலம் ரெண்டு கடிதத்தையும் மேஜை மேல் எடுத்து வைக்கிறேன், பிறகு டிராயரில் போட்டுவிடுகிறேன். தைரியம் இல்லாதவன் நல்லதையும் செய்ய மாட்டான், கெட்டதையும் முழுசாகச் செய்ய மாட்டான் போல.

மொழிபெயர்க்கிற பெண் வேலையை விட்டுவிட்டாள். கடைசி நாள், உன் வார்த்தைகளைத் தேதி போட்டு எழுதி வைத்திருந்த தாளை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள். "இதை நானே அதிகாரிகிட்டக் கொடுத்திருப்பேன் சார். விசில் அக்கா கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்றாள். நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவள் நம் மொழியிலேயே நிதானமாகச் சொன்னாள்: "நான் தண்ணி கலந்தப்போ யாருக்கும் கை போகல, சார்." அவ்வளவுதான். சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது நான் ஹாலுக்குள் போனால் எட்டுப் பெண்களும் தலை குனிந்து வணக்கம் வைக்கிறார்கள். எண்ணிக்கை பழையபடி ரெண்டாயிரம். யார் முகத்திலும் என் மேல் கோபம் இல்லை. யாராவது ஒருத்தி என்னைப் பார்த்து ஒரு வார்த்தை திட்டினால் தேவலாம் என்று இருக்கிறது. நம் ஹாலாக இருந்தால் இந்நேரம் என் சட்டையைப் பிடித்திருப்பார்கள்.

நூற்றிநாற்பது குடும்பம் என்று எழுதியிருக்கிறாய். இங்கே இருப்பது ஒன்பது குடும்பம்தான். அதனால் கணக்கு உன் பக்கம் சரியாகத்தான் வருகிறது. எனக்கு அந்தக் கணக்கைப் போடத் தெரியவில்லை.

தம்பி


ஏப்ரல் 29

தம்பிக்கு,

நேத்து மதியம் எல்லாரும் சாப்பிடப் போனப்புறம் நான் தனியா ஹாலுக்குப் போனேன். மூணாம் பிரஸ்ல சூட்டை அணைச்சுட்டு, ஒரு பட்டன்ல டேப்பை ஒட்டினேன். தட்டு முழுசா மூடாம நடுவுல ஒரு கட்டையைக் குறுக்க வெச்சேன். அப்புறம் நின்னு வேலை செஞ்சு பார்த்தேன். என்னதான் ஆகுது பார்ப்போம்னு.

முதல் அஞ்சு துண்டு ஒழுங்காப் போச்சு. ஆறாவது துண்டு அச்சுலேர்ந்து நழுவிச்சு. என் கை உள்ள போயிடுச்சு, தம்பி. போகணும்னு நான் நினைக்கவே இல்ல. பால் பொங்கி வழிஞ்சா கை தானா போகுமே, அப்படிப் போச்சு. எனக்கு முப்பது வருஷமா இந்த பிரஸ்ஸோட பழக்கம். ஆறாவது துண்டுக்கே என் கை உள்ள இருக்கு. அவங்க பதினெட்டு நாள், நாளுக்கு முன்னூறு துண்டுன்னு எடுத்திருக்காங்க.

பின்னாடி ஃபோர்மேன் அண்ணன் வந்து நின்னதைப் பார்க்கல. மெயினை நிறுத்திட்டு, "அங்க நடந்தது இதுதானாம்மா?"ன்னு கேட்டாரு. அதுவரைக்கும் அவர்கிட்ட நான் வேற மாதிரி சொல்லி வெச்சிருந்தேன். ஆமான்னேன். டேப்பைப் பிய்ச்சு உருட்டி சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. நான் திட்டினா திருப்பித் திட்டுற மனுஷன், நேத்துலேர்ந்து என்னை "மேடம்"னு கூப்பிடுறாரு.

இதோட ஒரு தாள் வெச்சிருக்கேன். டேப்பை ஒட்டச் சொன்னது நான், கழட்டறதைத் தள்ளிப் போடச் சொன்னதும் நான், அந்தம்மாகிட்டக் கையெழுத்து வாங்கச் சொன்னதும் நான். கையெழுத்துப் போட்டிருக்கேன். வக்கீல்கிட்டக் காட்டல. காட்டினா விட மாட்டாரு. அந்த ரெண்டு கடுதாசியோட சேர்த்து அதிகாரிகிட்டக் கொடு. நாளைக்கே இங்க பூட்டு விழுந்தா விழட்டும். கை போனதுக்கு அவங்களுக்கு வர வேண்டிய உதவித்தொகை காலம் பூரா வரட்டும்.

மனசு மாறுறதுக்குள்ள அனுப்பிடுறேன்.

அக்கா


மே 13

அன்புள்ள அக்காவுக்கு,

கொடுத்தேன். நீ எழுதின தாள், ரெண்டு கடிதம், அந்தப் பெண் தேதி போட்டு எழுதின தாள், எல்லாவற்றையும் பத்தாம் தேதி காலை அதிகாரி கையிலேயே கொடுத்தேன். நான் வாங்கின கையெழுத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் படித்தார். மொழிபெயர்க்க அந்தப் பெண்ணையே கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் வந்தாள். பிறகு விசிலைக் கூப்பிட்டார்கள்.

சின்ன அறை. ஒரு மேஜை, நாலு நாற்காலி. அவள் கையைச் சால்வைக்குள் வைத்திருந்தாள். அதிகாரி நீ எழுதினதை முழுக்க அவளுக்கு வாசித்துக் காட்டி, "இவங்க சொல்றது உண்மையா?" என்று கேட்டார். அவள், "இல்லை" என்றாள். ரெண்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

அதிகாரியும் விடவில்லை. "அப்போ இந்த டேப்பை ஒட்டினது யாரு?" "நான்." "யார் சொல்லி?" "யாரும் சொல்லல. நான் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துட்டேன்." "இந்தக் கையெழுத்து உங்க பழைய கையெழுத்து மாதிரி இல்லையே?" "என்னோடதுதான். வேற கையால போட்டது." அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். காயம் பட்டவளே தன் தப்பு என்று சொல்லும்போது மற்றவர்கள் எழுதிக்கொடுத்த தாளை வைத்துக்கொண்டு தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டார்கள். உதவித்தொகை கிடையாது. கம்பெனி மேல் வழக்கும் கிடையாது. வக்கீல் போன் செய்து எனக்கு வாழ்த்துச் சொன்னார்.

வெளியே படிக்கட்டில் மொழிபெயர்க்கிற பெண்ணிடம் ஏன் என்று கேட்டேன். "அவங்க கையெழுத்துப் போட்டது பொய்னு இப்போ சொன்னா, இந்த ஊர்ல அவங்க பொய் சொன்னவங்க ஆயிடுவாங்க. அவங்க பொண்ணுக்கும் அந்தப் பேர் வரும். அதுவுமில்லாம, மத்த எட்டு பேரும் ஏன் ஒட்டினாங்கன்னு ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு விசாரிப்பாங்க. அவங்களை இதுல இழுக்க விட மாட்டாங்க. அவங்கதான் தலைவி" என்றாள். "அந்தத் தாளை நீங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாம இருந்திருந்தா எல்லாத்தையும் சொல்லியிருப்பாங்க, சார்."

நம் தரப்பு உண்மை ஒன்றரை மாதம் பிந்தி வந்தது. அவ்வளவுதான்.

வாஷிங் மெஷின்காரன் போன வாரமே வேறு இடம் பார்த்துவிட்டான். விஷயம் அவன் காதுக்குப் போயிருக்கிறது. பிரஸ்களைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள். நாலு கழற்றியாகிவிட்டது. எட்டுப் பெண்களும் நேற்றுக் கடைசியாக வந்து, தங்கள் இடத்தைத் துடைத்துவிட்டுப் போனார்கள். யாரும் துடைக்கச் சொல்லவில்லை. நீ போட்டுக் கொடுக்கலாம் என்று எழுதினாயே, உட்கார்ந்து செய்கிற வேலை, அதற்கு இனி இங்கே இடமே இல்லை.

இன்று காலை விசிலின் வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை. மகளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும், அம்மாவுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். நீ கொடுக்கச் சொன்ன பண உறையை நீட்டினேன். விசில் வாங்கவில்லை. கோபமாக இல்லை, ஏதோ தவறி நீட்டிவிட்டதைப் போல மெதுவாக என் பக்கமே தள்ளி வைத்தாள். மகள் டீ கொண்டுவந்தாள். நான் எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில், மன்னிச்சுக்கோங்க, நாங்க செஞ்சது பெரிய தப்பு என்று சொன்னேன். ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். அவள் முடிக்க விட்டாள். பிறகு, கேட்கலாமா கூடாதா என்று தயங்கின மாதிரி இருந்துவிட்டு, ஒன்று கேட்டாள். எனக்குப் புரியாதோ என்று இன்னொரு தடவை, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"உங்க அக்காவுக்குக் கோபம் தீர்ந்துச்சா?"

தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி, அக்கா.

தம்பி